அடிக்காத ஹாரன்

சாலையோரம் நிற்பவர் போகவேண்டிய இடத்தைக் கூவுவார். தன் பாதைக்கு ஒத்துவந்தால் ஒந்தோவா ஒரு ஹாரன் அடித்து டாக்சியை நிறுத்துவான். இல்லையென்றால் பேசாமல் போய்விடுவான். யாவுண்டே நகரில், போகிற வழியில் பலரை ஏற்றிக்கொள்ளும் டாக்சிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். முகங்களைப் பார்ப்பதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். இடத்தின் பெயர் மட்டும் காதில் விழும்.

ஈஸ்டருக்குள் ஊரிலிருந்து அக்கா மெங்கே வருவாள் என்று சித்தப்பா மகன் சொல்லியிருந்தான். எந்த நாள் என்று சொல்லவில்லை. அப்பாவைப் புதைத்த அன்று மூண்ட சண்டைக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. நகரின் மெந்தொங் பகுதியில் இருந்த தன் வீட்டில் ஒரு கட்டிலை அவளுக்கென்று ஒழித்து வைத்துவிட்டு, ஒந்தோவா தினமும் காத்திருந்தான்.

அன்று பஸ் நிலையத்தைத் தாண்டும்போது வண்டியில் ஒரு இடம் காலி. மற்றவர்கள் எல்லோரும் சந்தைக்குப் போகிறவர்கள்.

"மெந்தொங்!" என்றது ஒரு குரல்.

அது வேறு பாதை. திரும்பிப் பார்த்தான். கால் வேகத்தைக் குறைக்கவில்லை.

மீன்கூடையோடு முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். "ஏன் தம்பி, அந்தம்மா இன்னும் உன் வண்டியவே பாத்துக்கிட்டு நிக்குது. பழைய பொண்டாட்டியா?"

கண்ணாடியில் பார்த்தான். காலடியில் பை, நீட்டியபடியே நின்றுவிட்ட கை. பிறகு அந்தக் கை தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டது. கோபம் வந்தால் மெங்கே அப்படித்தான் செய்வாள்.

"எங்கப்பா திருப்புற? என் மீன் நாறிடும்!"

நடுவில் தடுப்புச்சுவர். ரவுண்டானாவரை போய்த்தான் திரும்ப முடிந்தது. சாலையோரம் யாருமில்லை. நிலையத்துக்குள் ஊருக்குத் திரும்பும் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான்.

"அக்கா! சத்தியமா நான் உன்னைக் கவனிக்கல!"

"மூஞ்சிக்கு நேரா பாத்தியேடா. பாத்துட்டு ஹாரன் அடிக்காமப் போனே."

"எடத்து பேரு மட்டும்தான் எனக்குக் காதுல விழும்க்கா."

"உன் வீடு இருக்கிற எடத்தைத்தானேடா சொன்னேன்."

பஸ் நகரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தான். பஸ் வளைவில் மறையும்போது கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது.

ஓரத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "நல்லாயிரு தம்பி. யாருமே நிறுத்தல."

ஒந்தோவா திரும்பி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.