ரெண்டாவே வெச்சிருங்க

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த மருமகள் சண்முகப்பிரியா. கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லை. கொழுந்தன் மனைவி கிருத்திகாவுக்கும் இல்லை என்பது அவளுக்கு உள்ளுக்குள் ஆறுதலாகவே இருந்தது. இருவரும் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போனார்கள். ஆளுக்கொரு கருவை வைத்ததில் கிருத்திகாவுக்கு முதல் தடவையே தங்கிவிட்டது. சண்முகப்பிரியாவுக்குத் தங்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம், "ரெண்டாவே வெச்சிருங்க" என்றாள்.

இரட்டை என்றால் குறை மாதத்தில் பிறக்கலாம், எடை குறையலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். கணவன் குணசீலனும் ஒன்றே போதுமென்றான். அவள் பிடிவாதமாக நின்றாள். கிருத்திகாவை ஒரே தாவலில் முந்திவிடும் ஆசை.

இரண்டும் தங்கின. ஸ்கேனைக் காட்டும்போது கிருத்திகாவின் முகம் வாடுகிறதா என்று பார்த்தாள். வாடவில்லை. அது அவளை இன்னும் எரித்தது.

நிறைமாதத்தில், மூன்று கிலோ எடையில் கிருத்திகாவுக்குக் கவின் பிறந்தான். அதே வாரம் சண்முகப்பிரியாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆணொன்று, பெண்ணொன்று, இரண்டும் சேர்ந்தாலும் கவின் எடை வராது. மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தன. அவளுக்குப் பாலும் ஊறவில்லை. தாய்ப்பால்தான் இந்தக் குடலுக்குத் தாங்கும் என்றாள் நர்ஸ்.

பார்க்க வந்த கிருத்திகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, கவின் குடிச்சது போவ எனக்குப் பால் கட்டிக்குதுங்க. புள்ளைகளுக்குக் குடுக்கட்டுங்களா?"

வேண்டாமென்று சண்முகப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிருத்திகா வெளியே போய் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் மகளின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. சண்முகப்பிரியா எழுந்து போய் வாசலில் நின்றாள்.

"குடு கிருத்தி. ஆனா உம்மேல எனக்குப் பொறாமைதான். இன்னும் போவல."

"தெரியுமுங்கக்கா" என்றாள் அவள்.

கிருத்திகாவுக்கு இரத்தப் பரிசோதனை முடிந்ததும், அந்தப் பால் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகள் வீடு வந்தன. குறை மாதத்தில் பிறந்ததால் மகனுக்கு அடிக்கடி மூச்சு இளைத்தது. மகளுக்குக் கண் பரிசோதனை ஓயவில்லை.

ஒரு மத்தியானம் மகள் வீறிட்டாள். கவினைப் பாயில் விட்டுவிட்டுக் கிருத்திகா அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுகை சட்டென்று அடங்கியது. சண்முகப்பிரியாவுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. பிள்ளையைப் பிடுங்கக் கை நீட்டினாள். பிடுங்கவில்லை. பாயில் சிணுங்கிய கவினைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.