வசந்தகுமாரியின் ருமேனியப் புத்தகங்கள்

பாலைவனத்துக் கேம்பில் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த சிவசங்கரன், சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போதே அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டான். டீப்பாய்க்கு அடியில், பழைய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு நடுவே செருகியிருந்தது. அட்டையில் சிவப்பு வானம். அதில் மிதக்கும் ஒரு படகு. எழுத்து ருமேனியன்.

போன தடவை வந்தபோது இது வீட்டில் இல்லை.

"இது ஏது?" என்றான்.

வசந்தகுமாரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கடையில வாங்கினேன்."

"எந்தக் கடையில?"

"போர்ட் பக்கத்துல ஒரு கடை. காபி ஆறிடும், குடிங்க."

அபுதாபியில் அவனுக்குத் தெரிந்து தமிழ்ப் புத்தகம் விற்கிற கடையே கிடையாது. ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் வாரப் பத்திரிகைகள் வரும். அப்படியிருக்க ருமேனியப் புத்தகத்தை எந்தக் கடைக்காரன் விற்கிறான்? மேலே கேட்க வாயெடுத்து, கேட்காமல் காபியைக் குடித்தான். அவள் அந்தப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததுபோல இருந்தது.

அந்த மொழி அவர்கள் வாழ்க்கைக்குள் வந்ததே அவனால்தான். அஸ்ஸாமில் ருமேனியர்கள் உதவியோடு கட்டிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அவன் வேலைக்குச் சேர்ந்திருந்தபோது, பயிற்சிக்காக ருமேனியாவின் ப்ளோயெஷ்டி நகரத்துக்கு அனுப்பினார்கள். கல்யாணமான புதிது. அவளும் கூடவே போனாள். பகலெல்லாம் அவன் ஆலையில் இருப்பான். அவள் பனி கொட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பாள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் ரொட்டி விலைக்கு மெல்லிய கதைப் புத்தகங்கள் தொங்கும். ராக்கெட், வேற்றுக் கிரகம், மந்திரவாதி. ருஷ்யன், போலிஷ், ஜப்பானியன் என்று எங்கெங்கிருந்தோ மொழிபெயர்க்கப்பட்டவை. முதலில் படத்துக்காக வாங்கினாள். அப்புறம் அகராதி வாங்கினாள். ஊர் திரும்புகிற சமயத்தில், அவனுக்குத் தெரிந்த ருமேனியனில் குழாயும் வால்வும் அழுத்தமும்தான் இருந்தன. அவளோ முழு நாவலை ஒரே மூச்சில் படிக்கிறவளாகியிருந்தாள்.

கல்ஃப் விசா வந்தபோது அந்தப் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னது அவன்தான். "கம்யூனிஸ்ட் நாட்டு எழுத்து. ஏர்போர்ட்ல ஒருத்தன் புரட்டிப் பார்த்தா போதும், கதை கந்தல்" என்றான். அவள் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அவள் ஒப்புக்கொண்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வருஷம், எழுபத்தாறில், அவன் வேலை பார்த்த எண்ணெய் வயலுக்கு ருமேனியாவிலிருந்தே ஒரு குழு வந்தது. கம்ப்ரஸர் பொருத்துகிற ஆட்கள். அவர்கள் வருவதற்கு முன்பே கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி காலித், சிவசங்கரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜோர்டான்காரர். எப்போதும் குரலை உயர்த்தாதவர்.

"நீங்கள் அந்த நாட்டில் இருந்திருக்கிறீர்கள்."

"பயிற்சிக்காக, சார். ரொம்ப நாளாச்சு."

"தெரியும். உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை" என்றார் காலித். அப்படி அவர் சொன்னதுதான் சிவசங்கரனைப் பயமுறுத்தியது. "அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரியும். காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து மெஸ்ஸில் சாப்பிடும்போதும் அவன் காது அந்த மேஜைப் பக்கமே இருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் வெயில், ஆட்டுக்கறி, மனைவி, மறுபடியும் வெயில். ஆனாலும் சிரிப்பு நின்று குரல் தாழும்போதெல்லாம் அவன் கரண்டி தட்டிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் கம்ப்ரஸர் ஷெட்டில் அவர்களில் ஒருவன் தானாகவே அவனிடம் வந்தான். பெயர் வலேரியு. முன்நெற்றி ஏறிய, நீலக் கண் ஆள். கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தபடியே ருமேனியனில் கேட்டான்:

"நீங்கள்தானே வசந்தா அம்மையாரின் கணவர்? அந்தப் பெரிய புத்தகத்தை அவர் முடித்துவிட்டாரா?"

சிவசங்கரனுக்கு ஷெட்டின் இரைச்சலெல்லாம் ஒரு நொடி நின்றுபோன மாதிரி இருந்தது. "என்ன புத்தகம்?"

"சொல்லவில்லையா?" வலேரியுவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. "துறைமுகத்துக் கடையில் கொடுத்தேன். எங்கள் நாட்டுக் கப்பல்காரர்கள் வருகிற கடை. இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் டவுனுக்குப் போகும்போது கொண்டுவருகிறேன்."

"சொல்றேன்" என்று அவனுடைய மொழியிலேயே சொல்லிவிட்டு சிவசங்கரன் வெளியே வந்தான்.

அவள் பெயர் வலேரியுவுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்? எங்கே? மாதத்தில் பாதி நாள் அவன் பாலைவனத்துக் கேம்பில். அவள் அந்த ஃப்ளாட்டில் தனியாக. ப்ளோயெஷ்டியிலேயே அறிமுகமோ? அவன் ஆலைக்குப் போயிருந்த பகல்களை எல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினான். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே அவனை இன்னும் உலுக்கியது. அல்லது காலித் பயப்படுகிற விஷயமேதானா இது? கணவன் எண்ணெய் வயலில் இன்ஜினியர், மனைவிக்கு அவர்கள் மொழி தெரியும், தேடி வந்து புத்தகம் கொடுக்கிறார்கள். சும்மா கொடுப்பார்களா?

மறுநாள் காலையில் காலித்தின் அறைக்குப் போனான். மனைவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அந்த வலேரியு துறைமுகத்துல கப்பல்காரங்களைப் பார்க்கப் போறான். ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கு. என் குடும்பத்தைப் பத்தியும் விசாரிச்சான்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான்.

காலித் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "நல்லது செய்தீர்கள்" என்றார்.

நல்லது செய்த திருப்தி எதுவும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு, டவுனுக்குப் புறப்பட்ட தண்ணீர் லாரியில் ஏறிக்கொண்டான். வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர் ஃப்ளாட் வட இந்திய அம்மாள் கதவைத் திறந்து, "வசந்தா பாபி போர்ட்டுக்குப் போயிருக்கா. செவ்வாய்க்கிழமை ஆச்சே" என்றாள், அவனுக்கு அது தெரியாமலிருக்குமா என்கிற தோரணையில்.

டாக்ஸியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவன் என்னென்ன பார்க்கப்போகிறான் என்று மனசுக்குள் கற்பனை செய்துகொண்டே போனான். துறைமுகத்துக்கு வெளியே கடலில் சிமென்ட் கப்பல்கள் சரக்கை இறக்க இடமில்லாமல் வரிசையாகக் காத்து நின்றன. வாரக்கணக்கில் நிற்பதாகச் சொல்வார்கள். அவற்றில் எது ருமேனியக் கப்பல் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் சிகரெட்டும் சப்ளை செய்கிற கடை. முதலாளி கீழக்கரைக்காரர், கௌஸ் முகைதீன். ருமேனியப் புத்தகம் என்று கேட்டதும், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியைக் காட்டினார். கிரேக்கம், போலிஷ், கொரியன் என்று என்னென்னவோ மொழியில் கசங்கிய புத்தகங்கள்.

"கப்பக்காரன் படிச்சு முடிச்சதத் தந்துட்டு சிகரெட் வாங்கிட்டுப் போவான். நாங்க மொளகா மடிக்க வச்சிருந்தோம். ஒரு அம்மா வந்து பதறிப்போய் நிறுத்திட்டாங்க" என்று சிரித்தார். "நீங்க யாரு?"

பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. வசந்தகுமாரியின் குரல்தான். ஆனால் அவன் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. ஏறி இறங்கி, நின்று, திடீரென்று தாழ்ந்து, ஆளைக் கட்டிப்போடுகிற குரல். கடைக்காரர் தடுப்பதற்குள் அவன் படியேறிவிட்டான். பாதிப் படியில் கால் தானாக நின்றது.

"...அந்தக் கிரகத்துல மழையே கிடையாது. மேகத்தைப் பிடிச்சு மேய்க்கணும். இவதான் மேய்க்கிறவ. ஒரு மேகம் மட்டும் இவ சொல்றதைக் கேக்காம ஓடிக்கிட்டே இருக்கு..."

"ஏன் தங்கச்சி, மேகம் என்னத்தத் திங்கும்?" என்றது இன்னொரு பெண்குரல்.

"சத்தத்தைத் தின்னும், லாத்தா. அதான் அந்த ஊர்ல யாரும் உரக்கப் பேசமாட்டாங்க."

"யா அல்லா!"

வாசலில் அவன் நிழல் விழுந்ததும் பேச்சு நின்றது. பாயில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் பாதி ஆய்ந்த கீரை. நடுவில் வசந்தகுமாரி. மடியில் விரித்த புத்தகம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயந்த பார்வையாக அது இல்லை. அலுத்த பார்வை.

"வலேரியு யாரு?" என்றான் சிவசங்கரன். வேறு எதையும் அவனால் முதலில் கேட்க முடியவில்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்தாள். கௌஸ் முகைதீனின் மனைவி உம்மு ஹானி; வசந்தகுமாரி அக்கா முறையில் 'லாத்தா' என்றது இவளைத்தான். "வாங்க தம்பி, உக்காருங்க. அந்த வெள்ளக்காரப் புள்ள கீழ கடைக்கு வந்துச்சு, பெட்டியில புத்தகம் பாத்துச்சு. தங்கச்சி அவங்க பாசையில பேசவும் அதுக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டு வாட்டி வந்துருக்கு. ரெண்டு வாட்டியும் நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நான் உங்களைக் கேக்கலைங்க."

"என்னைக் கேட்டா நான் சொல்றதை நம்பமாட்டீங்களே" என்றாள் வசந்தகுமாரி. புத்தகத்தை மூடினாள். "வாங்க, போகலாம்."

டாக்ஸியில் அவள்தான் முதலில் பேசினாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா, வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. ஒரு தடவை பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. மறுபடியும் போட எனக்கு மனசில்ல."

அவனுக்கு உள்ளே ஏதோ இளகியது. கூடவே வேறொன்று இறுகியது. "வசந்தா, நான் இன்னிக்குக் காலைல காலித்கிட்ட அவனைப் பத்திச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

சொன்னான். சொன்னபடியே, ஒரு வார்த்தை குறைக்காமல். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வெளிநாட்டுக்காரங்களோட பழகினா அவங்க ஊர்ல என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நாம அங்க இருந்திருக்கோம்" என்றாள்.

மறுநாள் காலை அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாப் புத்தகங்களையும் ஒரு காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காலித் அன்று டவுன் ஆபீசில் இருந்தார். சிவசங்கரன் பின்னால் நடந்தான்.

புத்தகங்களை மேஜைமேல் அடுக்கிவிட்டு, "இவை என்னுடையவை. அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது இதுதான், வேறெதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

காலித் ஒன்றை எடுத்து, தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டை மடிப்பை நகத்தால் நெம்பினார். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். "படியுங்கள்."

அவள் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல் கேட்காத மேகம் மலையைத் தாண்டிப் போகிறது. மேய்க்கிறவள் பின்னாலேயே போகிறாள்.

"மேகம் என்றால் என்ன?" என்றார் காலித்.

"மேகம்தான்."

"மலை?"

"மலை."

"ஒரு மேகத்தை எதற்கு ஒருத்தி துரத்த வேண்டும்?"

"அது அவளோட மேகம், சார்."

காலித் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று சிவசங்கரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் புத்தகங்களை அவள் பக்கம் தள்ளினார். "கலாஸ், முடிந்தது. நீங்கள் எடுத்துப் போகலாம். ஆனால் அந்த ஆள் இன்று விடியற்காலை விமானத்தில் போய்விட்டான்."

"நீங்கள் அனுப்பினீர்களா?" என்றாள் வசந்தகுமாரி.

"நான் கேள்விதான் கேட்டேன். அவர்கள் குழுத் தலைவனுக்கு அது போதுமாக இருந்தது. அவனாகவே அனுப்பிவிட்டான்."

"திரும்பக் கூப்பிட முடியாதா?" என்று சிவசங்கரன் கேட்டான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நான் சொன்னது தப்பு சார். வேணும்னா எழுதித் தரேன்."

"யாருக்கு எழுதுவீர்கள்?" என்றார் காலித்.

கேம்புக்குத் திரும்பியதும் சிவசங்கரன் ருமேனியக் குழுத் தலைவரைத் தேடிப்போனான். வலேரியு மேல் குற்றமில்லை, புத்தக விஷயம்தான் என்று தடுமாறும் ருமேனியனில் விளக்கினான். அந்த மனிதர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மெஸ்ஸில் அவன் நுழைந்தாலே அந்த மேஜை அமைதியாகிவிடும். வெயிலைப் பற்றிக்கூடப் பேசமாட்டார்கள். அவன் எழுந்து கை கழுவப் போனதும் பின்னால் முணுமுணுப்பு தொடங்கும். தன்னைப் பற்றித்தானா என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான்.

வீட்டில் வசந்தகுமாரி புத்தகங்களை ஷோகேஸில், பீங்கான் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அடுக்கினாள். செவ்வாய்க்கிழமைகளில் போர்ட்டுக்குப் போய்வந்தாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். தானும் வரட்டுமா என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, "நீங்க வந்தா அவங்க எதுவும் கேக்கமாட்டாங்க, கூச்சப்படுவாங்க" என்றாள்.

கம்ப்ரஸர்கள் ஓட ஆரம்பித்ததும் ருமேனியக் குழு ஊருக்குக் கிளம்பியது. கேம்ப் வாசலில் பஸ் நின்றது. குழுத் தலைவர் மானேஜரிலிருந்து சமையல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். சிவசங்கரன் கையைப் பாதி நீட்டியபடி நின்றான். அவர் அவனுக்கு அடுத்து நின்றவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அதை வசந்தகுமாரியிடம் சொன்னான். மறைக்கத் தோன்றவில்லை. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"நானா இருந்தாலும் கை கொடுத்திருக்கமாட்டேன்" என்றாள்.

பிறகு தட்டை எடுத்து வைத்தாள். "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."