லம்பாசா பலகை

இனோக்கேவின் வலது தோள் தணல் வைத்த மாதிரி எரிந்தது. காலையிலிருந்து தீவின் தலைநகர் சுவாவின் சந்தைக்கு எதிரே உயரத்தில் தொங்கிக்கொண்டு பிளெக்ஸ் இழுத்துக் கட்டிவிட்டு வந்திருந்தான். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நனைந்த சட்டையை மனைவி உனாய்சிதான் உருவி எடுத்தாள். பாயில் குப்புறப் படுத்தான். அவள் இடது கையால் புன்னை எண்ணெய் தேய்த்தாள். வலது கையில் பேனா இருந்தது.

பதினெட்டு வயதிலிருந்து அடுத்தவன் ஏணியில் ஏறியவன் அவன். இந்தத் தடவை விளம்பரக் கம்பெனி அவனிடமே விலை கேட்டிருந்தது. ஒரு பிஸ்கெட்டுக்கு ஐந்து ஊர்களில் பெரிய பலகை. ஐந்தும் ஒரே திங்கட்கிழமை காலையில் நிற்க வேண்டும். நின்றால் வருடம் முழுக்க அந்தக் கம்பெனியின் வேலை அவனுக்கு. ஒரு பலகை தவறினாலும் பழையபடி தினக்கூலி.

சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லா ஊருக்கும் ஒரே விலை எழுதுகிறவர்கள் உண்டு. உனாய்சி அப்படி எழுதவில்லை. சுவாவில் பிளெக்ஸ் கட்டுவதைவிட மழை விடுவதற்காகக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. அதற்குக் கூலி போட்டாள். நௌசோரியில் ஆற்றோரச் சேறு, லாரிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வேண்டும். நாந்தியில் காற்று, கயிறும் ஆளும் கூடுதல். லௌதோகாவில் கரும்பு வெட்டு நடக்கிறது, ஆலைக்குப் போகும் லாரிகள் நகர்ந்து வழிவிட்டால்தான் ஏணி வைக்கலாம். லம்பாசா கடலுக்கு அந்தப் பக்கம். லாரிக்குக் கப்பல் கட்டணம், உள்ளூர்க் கூலியாள், சாப்பாடு, தங்கும் செலவு. பிறகு, பலகை நிற்கும் நிலம் எந்தக் கிராமத்துடையதோ அவர்கள் முன்னால் வைத்து வணங்க, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு.

கூட்டிப் பார்த்து அனுப்பியிருந்தாள். மேனேஜர் அன்று மத்தியானம் போன் செய்து, இன்னொருத்தர் இதைவிட அறுநூறு டாலர் குறைவாகக் கேட்கிறார் என்று சொல்லியிருந்தார்.

"லம்பாசாவுல குறை" என்றான் இனோக்கே, பாயில் முகத்தை வைத்தபடி. "கூலியாள எடு. சாப்பாட்ட எடு, தங்குறத எடு. யங்கோனாவயும் எடுத்துடு."

"எடுத்துட்டு? லாரிக்கடியில படுப்பீங்களா?"

"அது எங்க தௌவு ஊரு."

இனோக்கேவின் கிராமத்துக்கும் லம்பாசாவின் அந்தக் கிராமத்துக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. இவன் வீட்டில் அவன் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கேட்கவும் கூடாது.

"தௌவுன்னா கைய வீசிக்கிட்டுப் போவீங்களா?" என்றாள் உனாய்சி.

"நான் காசு குடுத்துப் படுத்தா அவனுங்களுக்குத்தான் அவமானம். கோடு போட்டு அடி, சொல்றேன்ல."

அவள் அந்த வரிகளை அடித்தாள். வேலை வந்தது. ஒப்பந்தத் தாளின் தலைப்பில் அவன் பெயர் அச்சாகியிருந்தது. அவன் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தான்.

நான்கு ஊர்களும் அவள் போட்ட கணக்குப்படியே முடிந்தன. சுவாவில் மழை விடக் காத்திருந்தார்கள், நாந்தியில் கயிறு அறுந்து வேறு கயிறு போட்டார்கள். ஒரு டாலரும் மீறவில்லை. வெள்ளிக்கிழமை நாதோவி துறைமுகத்தில் லாரியைக் கப்பலில் ஏற்றினார்கள். ஓட்டியது சதேந்திரா. பா நகரத்துக்காரன், இனோக்கேவோடு ஒன்பது வருடம் ஏணி பிடித்தவன். யங்கோனா இல்லாமல் கிராமத்துக்குள் போவதை நினைத்து வழியெல்லாம் அவன்தான் கவலைப்பட்டான்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். ஊரின் முன்னால் அந்த ஊர்க்காரன் அபெனிசா நின்றிருந்தான். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். இனோக்கேவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தான்.

"கடல் தாண்டி வந்திருக்கான் பாருங்க, கையில ஒரு வேரு கிடையாது. உங்க ஊருல செடி எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா தௌவு?"

"உங்க மூஞ்சிக்கு யங்கோனா ஒரு கேடா? ஆத்துத் தண்ணி போதும்" என்றான் இனோக்கே.

ஊரே சிரித்தது. மீனும் சேப்பங்கிழங்கும் வைத்தார்கள். நல்ல பாய் விரித்துக் கொடுத்தார்கள். தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று இனோக்கே சதேந்திராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

காலையில் லாரி காலியாக இருந்தது.

இறந்துபோன ஒரு பெரியவருக்கு அன்று நூறாம் நாள் விருந்து. இரவு மழையில் சமையல் கொட்டகையின் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. இப்போது கொட்டகைக்கு மேல் பன்னிரண்டு மீட்டர் பிளெக்ஸ் இழுத்துக் கட்டியிருந்தது. பிஸ்கெட்டைக் கடித்துச் சிரிக்கும் குழந்தை முகம் கீழ்ப்பக்கமாகத் திரும்பி, கொதிக்கும் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணும் கொண்டு வரல. நாங்களே பாத்து எடுத்துக்கிட்டோம்" என்றான் அபெனிசா.

எல்லோரும் சிரித்தார்கள். இனோக்கேவும் சிரிக்க வேண்டியிருந்தது.

சதேந்திரா அவனை லாரிக்குப் பின்னால் இழுத்துப் போனான். "அண்ணே, இன்னிக்கு சனிக்கிழமை. நாளைக்கு இவங்க யாரும் வேலை செய்ய விடமாட்டாங்க. திங்கக்கிழமை விடிஞ்சா பலகை நிக்கணும். போய்க் கேளுங்க."

"கேக்க முடியாது."

"உங்களுக்கும் எடுக்கிற உரிமை இருக்குல்ல? அதையே எடுங்க."

இனோக்கே போனான். கொட்டகையின் மூலைக் கயிற்றைப் பிடித்தான். ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். உள்ளே இறந்தவரின் மனைவி கறுப்புச் சேலை மாதிரி நீண்ட துக்க உடையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஊர்ப் பெண்கள், புகை, அடுப்பு. வெளியே மழை சரம்சரமாக விழுந்தது. அவன் தொய்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான்.

விருந்து முடிந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நடுவில் நின்றான்.

"தௌவு, நானும் எடுத்துக்கப் போறேன்" என்றான். "பன்னி வேணாம், பாய் வேணாம். திங்கக்கிழமை கோழி கூவுறப்ப உங்க ஊரு ஆம்பளைங்க மொத்தப் பேரும் எனக்கு வேணும். உன் தொந்தியும் சேத்து."

தௌவு முறைப்படி அபெனிசாவாலும் மறுக்க முடியாது.

ஞாயிறு முழுக்கத் தேவாலயம், சாப்பாடு, தூக்கம். திங்கள் இருட்டோடு முப்பது பேர் வந்தார்கள். கொட்டகையிலிருந்து பிளெக்ஸை அவிழ்த்து, தேங்காய் நாரும் சோப்பும் வைத்து அடுப்புக் கரியைத் தேய்த்தார்கள். ஒரு மூலையில் லேசான பழுப்பு மட்டும் போகவில்லை. இனோக்கே மேலே ஏறி உட்கார்ந்து குரல் கொடுக்க, கீழே முப்பது பேரும் ஒரே மூச்சில் கயிற்றை இழுத்தார்கள். அபெனிசா வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தபோதும் கயிற்றை விடவில்லை. வெயில் வந்தபோது பலகை ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. கரும்பு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேராக ஒரு பலகை கட்டியதில்லை என்று இனோக்கே சதேந்திராவிடம் சொன்னான். பலகைக்குக் கீழே சேறும் சிரிப்புமாக எல்லோரையும் நிற்க வைத்து, சதேந்திரா வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகப் போனில் படம் எடுத்து அனுப்பினான்.

நான்கு ஊர்ப் பணம் மாதக் கடைசியில் வந்தது. லம்பாசாவுக்கு வரவில்லை. மூலையில் பழுப்பு இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் மேனேஜர். உனாய்சி மூன்று தடவை போன் செய்தாள். வருட வேலையைப் பற்றியும் பேசலாம் என்றார்.

அடுத்த மாதம் அவரே கூப்பிட்டார். பிஸ்கெட் கம்பெனிக்கு சதேந்திரா எடுத்த படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். அவர்கள் அலுவலக முன்னறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை அதைப் பெரிதாக அச்சடித்து மாட்ட வேண்டுமாம். இனோக்கேவும் சதேந்திராவும் போய் மாட்டினார்கள். அபெனிசாவின் தொந்தியில் விழுந்த சுருக்கத்தை இனோக்கே உள்ளங்கையால் நீவி எடுத்தான். குளிர்ந்த அறையில், நாற்காலிகளுக்குப் பின்னால், முப்பது பேரும் சேற்றுக் காலோடு நின்று சிரித்தார்கள்.

லம்பாசா வேலைக்கு விளம்பரக் கம்பெனி தர வேண்டிய இரண்டாயிரத்து நூறு டாலர் இன்னும் பாக்கி.