கோணல் தையல்

என் வீட்டுக்காரர் தையல்காரர். அடுத்தவர் தையலைப் பாராட்ட அவருக்கு வாயே வராது. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழாகி, அவசர ஆபரேஷன் செய்து ஆளைப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு நன்றி சொல்வாரா? எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்:

"தையல் கோணல்."

அதோடு விட்டாரா? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கண்காட்சிதான். பிளாஸ்திரியை உரிப்பார், கழுவாத விரலால் தடவிக் காட்டுவார், நர்ஸ் வருமுன் மறுபடி ஒட்டிவிடுவார். என் தம்பியும் தன் பங்குக்குத் தொட்டுப் பார்த்து, "ஆமா மாமா, சுருக்கம் விழுது" என்றான். என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்கு.

காய்ச்சல் வந்தது. காயம் சிவந்து வீங்கியது. டாக்டர் இரண்டு தையலை வெட்டிச் சீழை எடுத்தார்.

"பாத்தியா? இந்தத் தையல் நிக்காதுன்னு அப்பவே நெனச்சேன்!" என்று என்னிடம் பெருமை வேறு.

நேரே அவர் கடைக்குப் போனேன். அவரே எழுதி மாட்டிய பலகையைக் கழற்றி வந்து, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன்: "வேலை முடியும்வரை துணியைத் தொட்டுப் பார்க்காதீர்கள்."

"ஏய், அது கடை போர்டுடி!"

"வேலை இப்ப இங்கதானே நடக்குது? கைய எடுங்க!"

அந்நேரம் உள்ளே வந்த டாக்டர் பலகையை நிதானமாகப் படித்தார்.

"நல்ல போர்டு. எழுத்துதான் கொஞ்சம் கோணல்."