டேங்குக்குள் போட்ட வெள்ளைக் கல்

"உனக்குன்னு ஒரு ஆசை இருக்குமில்ல, அது என்னம்மா?"

பெண் பார்க்க வந்த அன்று விஜயகுமாரியிடம் அன்னம்மாள் கேட்ட கேள்வி இது. தீவின் கடலோரத்து ஜங்லிகாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் ஈஸ்வரனுக்குப் பெண் தேடி, உள்ளே தள்ளி இருக்கும் பெரார்கஞ்ச் வரைக்கும் வந்திருந்தார்கள். விஜயகுமாரியோ வாயே திறக்காத பெண். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்பதற்காகவே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அன்றைக்கும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் எந்த வம்பும் இல்லை. நாக்கில் எந்தச் சனியன் ஏறி உட்கார்ந்ததோ, "கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா ஓட்டுற ஜீப்புல கோயிலுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா நல்லதம்பி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கொல்லையில் நின்ற ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "கூட்டிட்டு வந்துருவேன் சம்பந்தி. பொண்ணு வாயத் தொறந்து கேட்டுருச்சு" என்றார்.

ஜீப் அப்போது வாழைக்கன்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. உலக யுத்த காலத்து வண்டி. எஸ்டேட்டில் டிரைவராக இருந்தபோது அவர் ஓட்டியது. எஸ்டேட்காரர்கள் வேண்டாமென்று கழித்தபோது அவரே எடுத்துக்கொண்டார். சுனாமி வந்த காலையில் பிரேக் வேலைக்காக ஜங்லிகாட் பட்டறை ஒன்றில் விட்டிருந்தார். கடல் உள்ளே வந்து சீட் வரைக்கும் முக்கி வைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் மூன்று நான்கு வருடமாக இஞ்சினை எப்படியெப்படியோ தேற்றிவிட்டார். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்தான் தேறவில்லை. உப்பு தின்று தின்று தகரம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. புதுசு வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். கப்பல் என்றைக்கு வரும் என்பது கப்பலுக்கே தெரியாது.

பக்கத்துத் தீவான பாராடாங்கில் ஒருவர் கொட்டகையில் இதே மாதிரி செத்த ஜீப் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் டேங்கைக் கழற்றி ஃபெர்ரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்கிட்டு வருவாருன்னு பாத்தா, தகர டப்பாவத் தூக்கிட்டு வர்றாரு" என்றாள் அம்மா ஒச்சம்மா.

டேங்க் வெளியே பரவாயில்லை. உள்ளே கையை விட்டால் துரு செதில் செதிலாக வந்தது. ஜங்லிகாட்டில் ஈயம் பற்றவைக்கும் சொக்கலிங்கம் போனில் சொன்னான்: "அண்ணே, மொதல்ல துருவத் தட்டி எடுங்க. மண்ணெண்ண ஊத்தி, பொடி ஜல்லி ரெண்டு கை போட்டு நல்லாக் குலுக்குங்க. அப்புறமா எங்கிட்ட கொண்டாங்க, ஓட்டை இருந்தா அடைச்சுத் தர்றேன்."

நல்லதம்பிக்கு ஜல்லி பிடிக்கவில்லை. கூர் கூராக இருக்கிறது, தகரத்தைக் கிழித்துவிடும் என்றார். மறுநாள் ஜங்லிகாட் பக்கம் போனவர் கடற்கரையிலிருந்து ஒரு பை நிறைய வெள்ளைக் கற்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார். அலை ஒதுக்கிய கற்கள்; ஒவ்வொன்றும் கைவிரல் மாதிரி கிளையும் கணுவுமாக இருந்தது.

"பாரு மகள், இது மூல முடுக்கெல்லாம் போயிச் சொரண்டும். அந்தச் சொக்கலிங்கத்துக்கு இந்த யோசன வருமா?"

மகளுக்கு எரிச்சலாக இருந்தது. கல்லை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. டேங்கைச் சாக்கில் சுற்றிப் பலாக்கிளையில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் அவளுமாகக் குலுக்கினார்கள். கடகடவென்று சத்தம் ஊரையே கூட்டியது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மண்ணெண்ணெய் செம்மண் நிறத்தில் கொட்டியபோது அவர் குழந்தை மாதிரி குதித்தார். அடுத்து வெந்நீரில் வாஷிங் சோடா கலந்து ஊற்றினார்கள். கற்களைக் கொட்டிவிட்டு அலசினார்கள். வெயிலில் வைத்தால் மழை வந்தது. உள்ளே தூக்கி வைத்தால் வெயில் வந்தது. "கல்யாணப் பொண்ணு கையில மருதாணி வாசன வரணும்டி, மண்ணெண்ண வாசன வருது" என்று ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சொக்கலிங்கம் ஊசி ஓட்டைகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி வைத்து, கசிவில்லை என்று பார்த்தே கொடுத்தான். அதற்குப் பிறகுதான் நிஜமான அவஸ்தை. பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி அடியில் கொடுத்து, டேங்கை உட்கார வைத்து, மேலே இரும்புப் பட்டையை இழுத்து முடுக்கினால் போல்ட் ஒடிந்தது. வேறு போல்ட் தேடிப் போட்டால் பெட்ரோல் குழாயின் திருகுமறை சேரவில்லை. அதைச் சேர்த்தால் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் மூடியில் கார்க் வழியாகக் கசிந்தது. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்று, பட்டையைக் கழற்று, டேங்கைத் தூக்கு. வெளிச்சம் பிடி, ஸ்பானர் எடு, அது இல்லை, அதற்குப் பக்கத்தில் இருப்பது. 'அன்றைக்கு ஏன் வாயைத் திறந்தேன்' என்று விஜயகுமாரி தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஜீப் உறுமியது. தெருமுனை வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றும்விட்டது.

பெட்ரோல் பம்பின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அழுக்கு அதில்தான் தங்கும். அது பால் ஊற்றியது மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவர் கழற்றிக் கழுவி மாட்டினார். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடியும் வெள்ளை.

அடுத்த வீட்டுப் பழனியாண்டி வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தான். "அரே மாமா, ஜீப்பு காடிக்குப் புண்ணாக்கு ஏதும் வச்சீங்களா? இப்பிடிப் பால் கறக்குதே!"

"போடா, பேசாம வேலையப் பாரு. சோடாப் பவுடர் தங்கிருச்சு, ஓட ஓடச் சரியாயிரும்."

சரியாகவில்லை. பெட்ரோலில் கலப்படம் என்றார். வேறு பெட்ரோல் ஊற்றினார். அப்புறம் சொக்கலிங்கத்தின் ஈயம்தான் கரைகிறது என்று போனில் சண்டை போட்டார். கல்யாண நாளும் வந்துவிட்டது.

காலையில் ஜீப்புக்குச் செவ்வந்திச் சரம் கட்டியிருந்தார். புது வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஜீப் வாசலைத் தாண்டவில்லை. "கோயில் கிட்டதான மகள், அதுவரைக்கும் ஓடிரும்" என்றார் குனிந்தபடியே. பெண்ணை அழைத்துப்போக வந்த அன்னம்மாள் ஆட்டோவோடு நின்றாள்.

விஜயகுமாரி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தாள். கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளிருந்து நேற்று கழற்றி வைத்த சல்லடை மட்கார்டின் மேல் காய்ந்து கிடந்தது. இத்தனை நாளும் அந்த வெள்ளையை ஈரமாகவே பார்த்திருந்தாள். இப்போது அது உலர்ந்து பொடியாகி இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. அந்த விரலைக் கறுப்பு மட்கார்டில் இழுத்தாள். வெள்ளைக் கோடு விழுந்தது.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பாண்டி விளையாடக் கட்டம் போட்டதெல்லாம் இதைக் கொண்டுதான். சாக்பீஸை டீச்சர் தரமாட்டார். கடற்கரைப் பிள்ளைகள் பவளக் கல்லைப் பை நிறையக் கொண்டு வருவார்கள்.

"அப்பா, இது சோடா இல்ல."

"பின்ன?"

"கல்லு. நீங்க போட்டீங்களே, அந்த வெள்ளக் கல்லு. அது கடல்ல வளர்றது. ஒண்ணோட ஒண்ணு ஒரசினாலே மாவாயிரும்ப்பா."

"கல்லு எப்பிடி மகள் மாவாகும்?" அவர் நிமிர்ந்தார். இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர். பாறையை வெடி வைத்துப் பிளந்த ஊர் அது. கப்பலில் இங்கே வந்து இறங்கிய பிறகு கடலோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "கல்லுன்னா கல்லுதான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பை ஆட்டினாள். சீட்டுக்கு அடியில், டேங்கின் நடுத்தடுப்புக்குப் பின்னால், என்னவோ கலகலவென்று உருண்டது. மறுபடி ஆட்டினாள். மறுபடி உருண்டது. வெளியே வராமல் ஒடிந்து சிக்கிய பவளக் கல் விரல்கள். வண்டி ஆட ஆட உள்ளே அவை அரைத்துக்கொண்டேயிருக்கின்றன. எத்தனை தடவை கிண்ணத்தைக் கழுவினாலும் வெள்ளை வந்துகொண்டேதான் இருக்கும்.

நல்லதம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, முகூர்த்தம் நெருங்குது" என்றாள் அன்னம்மாள். "ஆசை என்னன்னு கேட்டதே என் தப்புதான் போங்க. ஆட்டோ நிக்குது, நீங்களும் ஏறுங்க. எல்லாரும் ஒண்ணாப் போயிருவோம்."

"ஏங்க, விடுங்களேன், போவோம்" என்றாள் ஒச்சம்மா.

விஜயகுமாரிக்கு அழுகை வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் சேர்ந்து வந்தது. கேட்டதும் அவள், கிடைக்காது என்று சொன்னதும் அவள். இன்னொரு தடவை கிண்ணத்தைக் கழுவி மாட்டியிருந்தால் பாதி வழியாவது அவர் ஓட்டியிருப்பார். சொக்கலிங்கத்தைத் திட்டுவது மாதிரி தன்னையும் நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்பா, ஆட்டோவுல வாங்கப்பா. நீங்க இல்லாம நான் ஏற மாட்டேன்."

அவர் பானெட்டை மெதுவாக இறக்கி, இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டினார். ஸ்பானரைச் சீட்டின் மேல் வைத்தார். மட்கார்டில் அவள் இழுத்த வெள்ளைக் கோட்டைத் துண்டால் துடைத்தார். கொஞ்சம் அழியாமல் நின்றது. குழாயடியில் கை கழுவுவார் என்று நினைத்தாள். குழாயைத் தாண்டினார். ஆட்டோவையும் தாண்டினார். வயலுக்கு நடுவே கோயிலுக்குக் குறுக்குவழியாகப் போகும் வரப்பில் இறங்கி, கிரீஸ் கையைப் புது வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நடந்து போனார்.