கூப்பிட வர வேண்டாம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சீன மொழி பேசும் சியாயி நகரில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்தும் பீஷ்யா, முட்டை ரொட்டியைப் புரட்டிக்கொண்டே எனக்குச் சொன்னது. அவள் கடையில் வாய்வார்த்தையாக ஆர்டர் கொடுக்க முடியாது. சீட்டை எடுத்து, வேண்டியதற்கு நேராக டிக் அடித்து நீட்ட வேண்டும். ஒருநாள் நான் எடுத்த சீட்டின் பின்பக்கம் அவள் கையெழுத்தில் வேறொரு பட்டியல் இருந்தது. விரைவு ரயில், வாடகைக் கார், டாக்ஸி, சாதா ரயிலும் பஸ்ஸும். நான்கிற்கும் எதிரே விலை. கடைசியானதற்கு நேராகக் காகிதம் கிழியும்படி ஒரு டிக்.

என்ன இது என்று கேட்டேன். "என் பொண்ணு வீட்டுக்குப் போற வழி, வாத்தியாரே. குடுங்க இப்படி," என்று பிடுங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஊரில் இருந்துகொண்டு, இந்த ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத தமிழில் எழுதுகிறேன். அது ஒரு சௌகரியம். இந்தக் கதையோடு அதுவும் போயிற்று. தினமும் எழுதியதை அவளுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டினால்தான் சோயாப் பால் வருகிறது.

2

முதல் தொடக்கம்: "பனி விழும் மலைப்பாதையில் இரண்டு உருவங்கள் தள்ளாடி..." (விட்டுவிட்டேன். "யாரு தள்ளாடினா?" என்று கேட்டாள்.)

இரண்டாம் தொடக்கம்: "மலிவாகப் பயணம் செய்வது கஞ்சத்தனம் அல்ல, அது ஒரு..." (ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. கட்டுரை வாடை வேறு.)

இனி நேராகவே சொல்கிறேன். பீஷ்யாவின் ஒரே மகள் ஷின்பெய் ஜப்பானில், கியூஷு தீவின் மலைப்பக்க ஊரொன்றில், வெந்நீர் ஊற்று விடுதியில் வேலை பார்க்கிறாள். கட்டிக்கொண்டதும் அந்த விடுதிச் சமையல்காரனைத்தான். ஜூன் மாதம் அவளுக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் படுக்கவைத்து, எள்ளெண்ணெயில் இஞ்சி வதக்கிக் கோழி வேகவைத்துக் கொடுக்காத தாய் இங்கே தாயே இல்லை. நான் வருகிறேன் என்று பீஷ்யா சொன்னாள். அவள் வெளிநாட்டு மண்ணை மிதித்ததே கிடையாது. ஜப்பான் மொழியில் 'நன்றி' மட்டும் தெரியும்.

மகள் போனில் சொன்னது இது: "அம்மா, நீ வரணும்னா ஏர்போர்ட்டுக்கு நான் வரணும். திரும்பக் கொண்டுபோய் விடவும் நான்தான் வரணும். கைக்குழந்தையோட உன்னையும் சேர்த்து யாரு பார்த்துக்கிறது? பணம் குடுத்தா பத்தியம் சமைக்க இங்க ஒரு அம்மா வர்றாங்க. விட்டுடேன்."

அன்று மதியம் வரை பீஷ்யா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தாளாம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"வருஷம் பொறந்த ரெண்டாம் நாள் நானும் உங்கப்பாவும் வர்றோம். நீ கூப்பிட வராதே. வழியில போனும் பண்ண மாட்டோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி உன் வாசல்ல வந்து நிக்கலைன்னா, ஜூன்ல அந்தம்மாவையே வச்சுக்கோ."

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வரும் நாள். அன்றைக்குத் தாயே மகள் வீட்டுக்குக் கிளம்புவதைச் சந்தே கேலி செய்தது. பக்கத்துக் கடைக்காரி, ஏர்போர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழப்போகிறாய் என்றாள். கடைக்கு ஐந்து நாள் விடுமுறை என்று பீஷ்யா சிவப்புத் தாளில் எழுதி ஒட்டினாள்.

3

அப்போது போட்ட பட்டியல்தான் அந்தச் சீட்டு.

வாடகைக் காருக்கு ஒற்றைக்காலில் நின்றவர் அவள் புருஷன் ஜிந்தூ. முப்பது வருடம் காய்கறி லாரி ஓட்டியவர். இங்கே சாலையின் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். ரெண்டு நாளில் பழகிவிடும் என்றார். "பழகறதுக்குள்ள ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துடுவோம், கிழக்குரங்கே," என்றாள் பீஷ்யா. அதோடு கார் போயிற்று.

(ஜிந்தூவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதையில் இவரைக் கோமாளியாக்கிவிட்டேனோ? நேரில் கேட்டேன். "நான் அப்படித்தானே?" என்றார். மேற்கொண்டு திருத்தவில்லை.)

விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் அந்த மணி நேரத்தையும் கடைசி ஸ்டேஷனில் மலை பஸ்ஸுக்காகக் காத்து நின்றே கழிக்க வேண்டும். கால அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். பிறகு எதற்கு அத்தனை பணம்?

டாக்ஸிதான் சுலபம். அதில் ஏறினால் வாசலில் இறக்கிவிட்டுவிடுவான். ஆனால் அந்த விலைக்கு ஒரு தடவைதான் முடியும். பீஷ்யாவுக்கு வேண்டியது ஒரு தடவை போகிற வழி இல்லை. ஜூனிலும் போக வேண்டும், பேரப்பிள்ளைக்கு வயது ஒன்றாகும்போதும் போக வேண்டும், நினைத்தபோதெல்லாம் யாரையும் கேட்காமல் போக வேண்டும். மலிவு என்பதற்கு அவள் அகராதியில் இதுதான் அர்த்தம். எனக்கு இது புரிய மூன்று காலைச் சாப்பாடு ஆயிற்று.

4

ஜப்பானில் ரயில்கள் சமர்த்தாக ஓடின.* இரண்டே முக்காலுக்கு மலை பஸ்ஸும் சொன்னபடி வந்தது. பின்கதவில் ஏறி, எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினேழாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.

*இந்த இடத்தில் ஏதாவது விபரீதம் நடந்தால் கதைக்கு நல்லது. ரயிலைத் தவறவிட்டதாக ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் பீஷ்யா எடுக்கச் சொல்லிவிட்டாள்.

சியாயியில் பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து கதவருகே போய் நிற்காதவனை டிரைவர் சும்மா விட மாட்டார். அடுத்த நிறுத்தத்துக்கே கொண்டுபோய்விடுவார். அந்தப் பழக்கத்தில் பதின்மூன்றாவது நிறுத்தத்திலேயே ஜிந்தூ எழுந்தார், மணியையும் அடித்தார். ஜப்பானில் பஸ் நின்ற பிறகுதான் எழுந்திருப்பார்கள். நின்றுகொண்டு வரும் இவரைப் பார்த்து உட்காரும்படி டிரைவர் மைக்கில் கெஞ்சினார். திட்டுகிறார் என்று நினைத்து ஜிந்தூ இன்னும் முன்னால் நகர்ந்தார். பஸ் நின்றது, கதவு திறந்தது, உள்ளே இருந்த எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தப்பாக அடித்துவிட்டேன் என்று எந்த மொழியில் சொல்வது? வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கட்டணப் பெட்டியில் சில்லறையைக் கொட்டிவிட்டு பீஷ்யாவும் பின்னால் இறங்கினாள்.

அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. அதுதான் அன்றைக்குக் கடைசி.

5

"அவள் கண்களில் கண்ணீர்..." (இல்லை. வாயில் வசவு. அதைத் தமிழில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

நிழற்குடைக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பொடிப்பனி விழ ஆரம்பித்தது. ஜிந்தூவுக்கு முழங்கால் மரத்துப்போயிற்று. நடந்தால் சூடு பிறக்கும், அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். ஆனால் அடுத்த நிறுத்தம் கண்ணில் படவே இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் தேவதாரு மரங்கள். ஜிந்தூ நின்றுவிட்டார். ஷின்பெய்க்குப் போன் செய், வண்டியில் வந்துவிடுவாள், பிடிவாதத்துக்கும் ஒரு அளவு உண்டு என்றார்.

"போன் பண்ணினா இன்னிக்கு மட்டும் வருவா," என்றாள் பீஷ்யா. "அப்புறம் நான் எப்பவும் வர முடியாது. நட."

அப்போது பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கடைசி பஸ். நிறுத்தம் இல்லாத இடம். ஜப்பானில் எல்லாம் ஒழுங்குமுறை, கண்ட இடத்தில் நிற்காது என்று ஜிந்தூ ஓரமாக ஒதுங்கினார். பீஷ்யா மகளுக்காக ஊரிலிருந்து சுமந்து வந்த எள்ளெண்ணெய்ப் பையைக் கீழே வைத்தாள். சியாயி நெடுஞ்சாலையில் முப்பது வருடமாக எப்படி பஸ்ஸை நிறுத்துகிறாளோ, அப்படியே சாலையோரத்தில் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

பஸ் நின்றது. அவள் முன்னாலேயே வந்து நின்றது, கதவும் திறந்தது.

ஆற்றோரமாகப் போகும் அந்தப் பகுதியில் கைகாட்டினால் எந்த இடத்திலும் பஸ் நிற்கும் என்று அந்த ஊர் விதியே இருக்கிறதாம். நிறுத்தப் பலகை தோறும் எழுதியும் வைத்திருக்கிறார்களாம். இவளுக்கு அது தெரியாது. இதைத் தற்செயல் என்று எழுதினேன். "என்ன தற்செயல்? கையைத் தூக்கினது நான்," என்றாள். எனக்கே அந்த வாக்கியம் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

இந்த முறை பஸ் நின்ற பிறகுதான் ஜிந்தூ எழுந்தார்.

6

ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார்கள். ஷின்பெய் ஈரக் கையோடு திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் ஏதாவது வண்டி நிற்கிறதா என்று பார்த்தாள்.

"யாரு கொண்டுவந்து விட்டா?"

"பஸ்ஸு."

ஷின்பெய் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்தாள். பனித்துளி பிடித்த அம்மாவின் தலைமுடியைத் துடைத்துவிட்டாள். "ஜூன்ல நாட்டுக்கோழி வேணும்னா இங்க முன்னாடியே சொல்லி வைக்கணும்மா," என்றாள். "எத்தனை சொல்லட்டும்?"

"முப்பது," என்றாள் பீஷ்யா.

கடையில் எனக்கு இதைச் சொன்னபோது ரொட்டி கருகிப்போனதையும் அவள் கவனிக்கவில்லை. கருகியதை நானும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், மறைக்க மாட்டேன்.

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காதே. அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. ஜூனில் புயல் வந்து விமானம் ரத்தாகிறது என்று இன்னொன்று எழுதினேன். தோசைத்திருப்பியைக் கீழே வைத்தாள். "புயல் அடிச்சா மறுநாள் போவேன், வாத்தியாரே."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. ஜூனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பிறப்பது ஆணாக இருக்கட்டும், பெண்ணாக இருக்கட்டும். மழை பெய்யட்டும், ரயில் தாமதமாகட்டும், ஜிந்தூ மறுபடியும் எங்கேயாவது இறங்கித் தொலைக்கட்டும். எல்லாம் உங்கள் இஷ்டம். விமான நிலையத்தில் மட்டும் அவளுக்காக யாரையும் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.