கொழும்புத் தபால் வீட்டுக்குள் சுற்றுகிறது

1

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் இந்தக் கதையின் பாதியைக் கேட்டேன். சொன்னவர் ஹாலிஎலையில் இறங்கிவிட்டார். மீதியை நான் போட்டேன். எந்தப் பாதி அவருடையது என்று கேட்பவர்களுக்கு, நம்ப முடியாத பாதி என்று சொல்லிவைக்கிறேன்.

[முதல் தொடக்கம்: தேயிலை மலைமேல் பனி மெல்ல...] அடித்துவிட்டேன். பனி இல்லாமல் எங்கள் பக்கத்துக் கதை தொடங்கவே கூடாதா?

[இரண்டாவது: கம்பியைக் குரங்கு கடித்தது. கடித்த குரங்குக்கு அன்று முழுக்கக் காதில் கொழும்புப் பேச்சு...] இதை அடிக்கத்தான் மனம் வரவில்லை. ஆனால் குரங்கு குற்றமற்றது.

2

தயானி கொழும்புக் கம்பனி ஒன்றுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். இதுவரை பதுளை டவுனில் ஒரு கடை மூலையில் லெப்டொப்பை வைத்துச் செய்தாள். கடை மூடியதால் அந்த மூலையும் போய்விட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கம்பனியிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வீட்டு இணைப்பு வேலைசெய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் கொழும்புக்கு வந்து தங்க வேண்டும் என்றார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

அண்ணன் சுரேஸ் ஓட்டோக்காரன். தங்கச்சியை அனுப்ப மனமில்லாமல் ரவுட்டர் வாங்கி, நேற்று தானே மாட்டியிருந்தான்.

விபிஎன் பச்சை காட்டியது.* கொழும்பு ஆபீஸின் முன்கதவான கேட்வேயைக் கூப்பிட்டால் பதில் வந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் கணக்குச் சர்வரைக் கூப்பிட்டால் பதிலே இல்லை.

* விபிஎன் என்பது வீட்டுக்கும் கொழும்புக் கந்தோருக்கும் இடையே தோண்டிய கள்ளச் சுரங்கம். எல்ல ஊர்ப் பக்கத்து ரயில் சுரங்கம் மாதிரி. உள்ளே போனவனை வெளியில் இருப்பவன் பார்க்க முடியாது. (இது உண்மை. உண்மை எழுதிப் பழக்கம் இல்லாததால் இரண்டு தடவை அடித்து எழுதினேன்.)

“நம்ம பக்கம் எல்லாம் சரி தங்கச்சி,” என்றார் போனில் றிஸாத், கம்பனியின் நெட்வேர்க் ஆள். “கேட்வேல குத்தமில்ல. பன்னெண்டுக்கு மேல நான் மேலிடத்துக்குச் சொல்லணும்.”

“கொஞ்சம் இருங்க றிஸாத் நானா.”

3

கடையில் இதே லெப்டொப் ஓடியதே. அப்படியென்றால் கோளாறு வீட்டில். தயானி தகவல் போகும் பாதையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தாள். கொழும்புக்குப் புறப்பட வேண்டியது, சுரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நின்றது.

வீட்டு நெட்வேர்க்கின் இலக்கத்தைப் பார்த்தாள். கந்தோர் இலக்கத்தைப் பார்த்தாள். கடைசித் துண்டு தவிர இரண்டும் ஒன்று.

“அண்ணே, ரவுட்டர்ல இந்த நம்பர எங்க இருந்து எடுத்தீங்க?”

“ஒன் ஆபீஸ் நம்பருதான். லெப்டொப்புல பாத்துப் போட்டேன்.” சுரேஸுக்குப் பெருமை. “இந்த லயத்துல எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்தானே? தோட்டத்துப் பேர எழுதினா எந்தக் கடுதாசியும் வந்து சேருதுல்ல? அதே மாதிரி ஒரே நம்பரா இருந்தா கொழும்புக்காரன் நம்மளத் தேடி அலைய மாட்டான்னுதான். என்ன, சரிதானே?”

அம்மா கருப்பம்மா அடுப்படியிலிருந்து, “அவன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்டி,” என்றாள்.

தயானி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை லெப்டொப்பில் திறந்தாள். இரண்டு பக்கமும் ஒரே இலக்கமானால், சர்வர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது என்று லெப்டொப் நம்பிவிடும். சுரங்கத்துக்குள் எதற்குப் போக வேண்டும்? சர்வரின் அதே இலக்கம் வீட்டில் அம்மாவின் டீவிக்குக் கிடைத்திருந்தது. காலையிலிருந்து தயானி கொழும்பின் சம்பளக் கோப்பை டீவியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

(டீவி நாடகத்தை நிறுத்திவிட்டுச் சம்பளப் பட்டியலை வாசித்தது என்றும் எழுதிப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். அம்மா கோபிப்பாள்.)

4

ரவுட்டரில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். பக்கமும் திறந்திருக்கிறது. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

தயானியை வீட்டைவிட்டுப் போக விரும்பாத பெண்ணாகத்தான் நான் படைத்தேன். அப்படியிருக்க, அவள் விரல் ஏன் நிற்கிறது? எழுத்தில் இரண்டு பந்தி தள்ளி யோசித்தபோதுதான் தெரிந்தது. கொழும்பில் பார்த்துவைத்த அறைக்குத் தனிக் கதவு இருந்தது. உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. இங்கே சேலைதான் மறைப்பு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும்தான்.

இலக்கத்தை மாற்றும் முடிவை எழுதினேன். சுரேஸ் கை தட்டுகிறான், அம்மா சிரிக்கிறாள். தயானியின் முகத்தை மட்டும் எப்படி எழுதினாலும் அது...

மாற்றாத முடிவையும் எழுதினேன். பதுளை ஸ்டேஷனில் சுரேஸ் பெட்டியை ஏற்றிவிட்டு, “நான் போட்ட நம்பர்ல ஒரு குத்தமும் இல்ல தங்கச்சி, அவனுங்க லைன்தான் சரியில்ல,” என்கிறான். அவள் “ஆமாண்ணே” என்கிறாள். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

“தங்கச்சி, பன்னெண்டாகுது,” என்கிறார் றிஸாத். “வேல செய்யுதா இல்லியா?”

கோளாறு எங்கே என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது உங்களுக்கும் தெரியும். போன் இன்னும் திறந்திருக்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் றிஸாத் நம்பமாட்டார்.